ராத்திரி ஊறப்போட்ட ஓட்ஸும் பத்தரை மணிப் பசியும்

கேள்வி: வணக்கம் மேடம். நான் காரைக்குடியில் இருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை ஏழேகாலுக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஏழாவதும் இரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, வீட்டுக்காரருக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் எனக்குச் சாப்பிட நேரம் இருப்பதில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர் சொல்லி, ராத்திரியே ஓட்ஸை ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். மூன்று மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் ஓட்ஸ், அரை டம்ளர் பால், இரண்டு ஸ்பூன் தேன், ஒரு வாழைப்பழம். காலையில் கூழாகி வழவழவென்று இருக்கிறது, பழம் கறுத்துப் போகிறது, பத்தரை மணிக்கே பசி வயிற்றைக் கிள்ளுகிறது. எங்களுடையது பழைய வீடு. அடுப்படி கடைசிக் கட்டில், ஃபிரிட்ஜ் முற்றத்தைச் சுற்றிய வளவில். ஒருநாள் கொண்டுபோய் வைக்க மறந்து அடுப்படியிலேயே விட்டுவிட்டேன், காலையில் ஒரு மாதிரி வாடை. அத்தை கொட்டச் சொல்லிவிட்டார்கள். "வேகாததைத் தின்னால் வயிறு என்னத்துக்கு ஆகும்? அதுக்குப் பழைய சோறு தேவலாம்" என்கிறார்கள். பழைய சோறும் வெளியில்தானே இருக்கிறது, இது மட்டும் ஏன் கெட வேண்டும்? வீட்டுக்காரருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கலாமா? பள்ளிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடலாமா? எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. காலை காபியோடு போடுகிறேன்.

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பத்தரை மணிப் பசியைப் பார்ப்போம். அது சரியானால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

நீங்கள் போடுகிற மூன்று மேசைக்கரண்டி ஓட்ஸ் எடையில் 20 கிராம் தேறினால் அதிகம். அரை டம்ளர் பால், தேன், பழம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 270 கலோரி. அதில் பாதி தேனும் பழமும் கொடுப்பது. புரதம் என்று பார்த்தால் ஏழு கிராம்கூட வராது. ஆறரை மணிக்கு இதைச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இரண்டு பாடவேளை கத்திப் பாடம் நடத்தினால் பத்தரைக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? ஓட்ஸ் சாப்பிட்டால் பசி தாங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தாங்கும்தான். ஆனால் தாங்குகிற அளவுக்குப் போட வேண்டும், துணைக்குப் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். அதைச் செய்யாமல் தேனைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்கிற காரியம்.

அடுத்து, கூழ். அது உங்கள் கைப்பக்குவத்தின் குற்றமில்லை, வாங்கின சாமானின் குணம். இன்ஸ்டன்ட் ஓட்ஸை மெல்லிசாகத் தட்டி, பொடியாக நறுக்கியிருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் வேக வேண்டும் என்றே செய்தது. எட்டு மணி நேரம் பாலில் கிடந்தால் கரையத்தான் செய்யும். கடையில் 'ரோல்டு ஓட்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள். அட்டை அட்டையாக, தடித்த அவல் மாதிரி முழுசாக இருக்கும். இரவு முழுக்க ஊறினாலும் கடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 'ஸ்டீல் கட்' என்று ரவை போல உடைத்ததும் விற்கிறார்கள். விலையும் அதிகம், ஊறினாலும் நறுக்கு நறுக்கென்று இருக்கும், இந்த வேலைக்கு வேண்டாம். மசாலா கலந்த பாக்கெட்டை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அத்தையின் சந்தேகத்துக்கு வருகிறேன். ரோல்டு ஓட்ஸ் என்கிற அட்டை ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை. ஓட்ஸில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிட அதிகம். அதைச் சிதைக்கிற ஒரு நொதியும் கூடவே இருக்கிறது. அப்படியே விட்டால் சிக்கு வாடை அடித்துக் கசந்துபோகும். அதனால் ஆலையிலேயே ஆவி காட்டி, அப்புறம்தான் உருளையில் கொடுத்துத் தட்டுகிறார்கள். நம் அவலுக்கு நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பது போலத்தான் இதுவும். அடுப்பில் வைக்காமல் ஊறவைத்தே சாப்பிடலாம். இதற்கு நூறு வருடத்துக்கு மேல் வழக்கமும் உண்டு: சுவிட்சர்லாந்தில் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்கு ஒரு கரண்டி ஓட்ஸை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, துருவிய ஆப்பிளும் எலுமிச்சைச் சாறும் கொட்டைகளும் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு ஆப்பிள்தான் பிரதானம், ஓட்ஸ் துணைக்கு.

ஊறவைப்பதால் ஓட்ஸின் சத்து பல மடங்கு கூடிவிடும் என்று சொல்வார்கள். அது மிகை. மென்மையாகும், சீக்கிரம் சாப்பிடலாம், அவ்வளவுதான். நார்ச்சத்து திடீரென்று கூடுவதால் முதல் வாரம் வயிறு உப்பலாம், அத்தை சொன்னது பலித்ததுபோலத் தோன்றும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு, தண்ணீரும் நிறையக் குடித்தால் வயிறு பழகிவிடும்.

இப்போது செய்முறை. உங்கள் வீட்டு 200 மில்லி டம்ளரையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் அட்டை ஓட்ஸ், ஏறக்குறைய 40 கிராம் வரும். அரை டம்ளர் பால், அரை டம்ளர் புளிக்காத கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பாகச் செய்தாலும் அதுதான் சப்பென்ற ருசியை மாற்றும். நன்றாகக் கலந்து மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறு மணி நேரம் போதும். காலையில் வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டி இரண்டு மேசைக்கரண்டி மேலே போடுங்கள். இப்போது கணக்குப் பாருங்கள்: கலோரி 360 பக்கம் வரும், புரதம் 15 கிராமைத் தொடும். நிலக்கடலை சலித்துப்போனால் பொட்டுக்கடலைப் பொடி. பாதாம் இருந்தால் போடுங்கள், இல்லையென்று ஏங்க வேண்டாம். சியா விதை கட்டாயமில்லை. சப்ஜா விதை வீட்டில் கிடந்தால் ஒரு டீஸ்பூன் போடலாம், அதுவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் பாலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சத்துமாவையோ கும்மாயம் என்கிற உளுந்து இனிப்புக்கு அரைத்து வைத்த மாவையோ இதில் அப்படியே கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அதெல்லாம் அடுப்பில் வெந்தால்தான் வயிற்றுக்கு ஆகும்.

பால் விஷயத்தில் ஒன்று. இரவு பத்து மணிக்குக் காய்ச்சின பாலைச் சூட்டோடு ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜுக்குள் தள்ளுகிறவர்கள் அதிகம். டப்பாவுக்குள் சூடு வெகுநேரம் நிற்கும், ஓட்ஸும் பாதி வெந்து கூழாகும். சாயங்காலம் காபிக்குக் காய்ச்சி, ஆறியபின் ஃபிரிட்ஜில் வைத்த பாலிலிருந்து எடுத்துக்கொண்டால் தொல்லையே இல்லை. அடுப்படிக்கும் வளவுக்கும் அலைகிறீர்களே, அதற்கும் ஒரு வழி: ஓட்ஸையும் உப்பையும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பாலும் தயிரும் அங்கேதான் இருக்கின்றன. அங்கேயே நின்று ஊற்றிக் கலக்கி உள்ளே வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். மறக்கச் சந்தர்ப்பமே இல்லை.

அன்றைக்கு அத்தை கொட்டச் சொன்னது சரி. சித்திரை வெயிலில் நம்மூரில் ராத்திரியில்கூட அடுப்படி 28, 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. பாலும் பழமும் தேனும் கலந்த ஈரப் பண்டம் அந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் கிடந்தால் எந்தக் கிருமி முந்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பழைய சோறு வேறு விஷயம். வெந்த சோறு, மேலே தண்ணீர், அதில் லாக்டிக் அமிலம் சுரக்கிற பாக்டீரியாக்கள் பெருகிச் சோற்றைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளைப் பெருகவிடாமல் தடுக்கும். ராத்திரி ஊற்றிக் காலையில் உண்டுவிடுவோம், மத்தியானத்துக்கு வைப்பதில்லை. ஃபிரிட்ஜில் ஊறுகிற ஓட்ஸோ புளிப்பதில்லை, வெறுமனே ஊறுகிறது. அதனால் ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரவில் கரண்ட் போனாலும் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று டப்பா கலந்து வைத்தால் புதன் காலை வரை ஓடும். அதற்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், தயிர் புளித்துவிடும்.

பழத்தை ராத்திரி போடவே வேண்டாம். வாழைப்பழம் கறுக்கும், மாதுளை நிறம் இறங்கும். பப்பாளியும் அன்னாசியும் இன்னும் மோசம்: அவற்றில் புரதத்தைச் சிதைக்கிற நொதி இருக்கிறது, பாலோடு ராத்திரி கிடந்தால் காலையில் கசக்கும். "பால் கெட்டுப்போச்சு" என்று பால்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. காலையில் அரை வாழைப்பழமோ நறுக்கின கொய்யாவோ போதும். இனிப்புக்கு ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்து ராத்திரியே போட்டால் பாலில் கரைந்து நிற்கும். தேனை நிறுத்திவிடலாம்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் ஊர்க்காரியாக ஒன்று சொல்கிறேன். காலையில் இனிப்பு நமக்கு நாலு நாளைக்கு மேல் ஓடாது. வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டாலும் பக்கத்தில் காரச் சட்னி கேட்கிற நாக்கு இது. ஓட்ஸ் வாங்கி, பாதி பாக்கெட்டோடு விட்டுவிடுகிற வீடுகளில் பெரும்பாலும் சத்தோ நேரமோ காரணமாக இருப்பதில்லை. ருசிதான் காரணம். ஆகவே கார ஓட்ஸ் செய்யுங்கள். என்னைக் கேட்டால் இனிப்பைவிட இதுதான் உசத்தி.

அரை டம்ளர் ஓட்ஸ், அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தயிர், அரை டம்ளர் தண்ணீர், உப்பு. பால் வேண்டாம். தயிர்சாதத்துக்குப் பிசைவதைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்து வையுங்கள், காலையில் இறுகிவிடும். தாளிப்புதான் இதன் உயிர். நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒரு மோர்மிளகாய். மோர்மிளகாய் கறுக்க ஆரம்பிக்கும்போது பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு உடனே இறக்க வேண்டும். கறிவேப்பிலை நொறுங்குகிற பதத்தில் இருக்கட்டும், ஈரம் இருந்தால் மறுநாளைக்கு நிற்காது. இதைக் கொஞ்சம் கூடவே செய்து, ஆறவைத்து, ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தில் அடைத்துவிட்டால் மூன்று நாளைக்கு வரும். காலையில் டப்பாவைத் திறந்து, ஒரு ஸ்பூன் தாளிப்பு, துருவின இஞ்சி கொஞ்சம், மாங்காய்க் காலத்தில் கிளிமூக்கு நாலு துண்டு. சின்ன வெங்காயம் ஆசையாக இருந்தால் காலையில்தான் நறுக்க வேண்டும். ராத்திரி போட்டால் தயிர் முழுக்க வெங்காய வாடை ஏறி, ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அடிக்கும். தொட்டுக்கொள்ள முதல் நாள் வெண்டைக்காய் மண்டி மிச்சமிருந்தால் அதற்கு ஈடே இல்லை. புளியும் அரிசி களைந்த தண்ணீரும் சேர்ந்த அந்தப் புளிப்புக்கு தயிரில் ஊறின ஓட்ஸ் அப்படி ஒத்துப்போகும். இரண்டையும் சேர்த்து ஒருமுறை அத்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். மிச்ச மண்டியை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சூடு பண்ணிச் சாப்பிட வேண்டும் என்று ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதிலும் வறுத்த நிலக்கடலை உண்டு. பால் இல்லாததால் அதைக் குறைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கார ஓட்ஸ்தான். பேரீச்சம்பழம், தேன், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. இரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். ஓட்ஸும் மாவுச்சத்துதான், அளவைக் கூட்டினால் சர்க்கரை ஏறும். அட்டை ஓட்ஸின் கிளைசீமிக் குறியீடு ஏறக்குறைய 55, இன்ஸ்டன்டில் அதே 75-ஐத் தாண்டும். எந்த பாக்கெட் வாங்குகிறீர்கள் என்பது உங்களுக்கு முக்கியமாவதைவிட அவருக்கு முக்கியம். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு நார் இருக்கிறது. தண்ணீரில் பிசுபிசுவென்று ஆவது அதனால்தான், சர்க்கரை மெதுவாக ஏறுவதும் அதனால்தான். ஒரு நாளைக்கு அது 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ராலும் குறையும். அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1997-இல் பாக்கெட்டில் அச்சிட அனுமதித்த தகவல் அது. நாம் சொன்ன 40 கிராமில் அதில் பாதி கிடைக்கும்.

அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று யூகிக்க வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒருநாள் இட்லி சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், இன்னொரு நாள் ஓட்ஸ் சாப்பிட்டு அதேபோலப் பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஆறு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு டப்பா ஓட்ஸுக்கு மாறினால், சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக்கூடும். மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

உங்கள் தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடுவதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். ஓட்ஸைவிட இது அவசரம். எழுந்ததும் வெறும் தண்ணீரில் போடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் ஓட்ஸும். காபி, பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, ஓட்ஸின் நார் மூன்றுமே மாத்திரை உடம்பில் சேருவதைக் குறைக்கும். ஐந்தரைக்கு எழுகிறீர்கள் என்றால் ஆறரைக்குச் சாப்பிடலாம், பஸ்ஸுக்கும் நேரம் இருக்கும். நேரத்தை இப்படி மாற்றினால் மாத்திரை முன்பைவிட நன்றாகச் சேரும் என்பதால், ஆறு வாரம், எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்கிற தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வாரம் ஐந்து நாளும் ஓட்ஸே சாப்பிட வேண்டும் என்றில்லை. இரண்டு நாள் சிவப்பு அவலோ கறுப்புக் கவுனி அரிசி அவலோ எடுத்துக்கொள்ளலாம். அவற்றை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பசையாகிவிடும். காலையில் எழுந்ததும் தயிரில் போட்டால், நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் தயார். ஓட்ஸ் அளவுக்கு நார் இராது, ஆனால் தாளிப்பு அதேதான், செலவு குறைவு. அத்தைக்குப் பழைய சோறு பழகியது, அது அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, அவர்களை மாற்ற வேண்டாம். ஒரு வெங்காயத்தோடு கொஞ்சம் பயறு சுண்டலும் பக்கத்தில் வைத்துவிடுங்கள், சோற்றில் குறைவாக இருக்கிற புரதம் அதில் வரும்.

பிள்ளைகளில் பெரியவனுக்கு உங்கள் அளவே கொடுக்கலாம். சின்னவளுக்குக் கால் டம்ளர் ஓட்ஸ் போதும், நிலக்கடலையை நைசாகப் பொடித்துத்தான் போட வேண்டும். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லியே கொடுங்கள், இதற்காக வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து வேண்டாம். டிபன் பாக்ஸில் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். இடைவேளை வரை பை வெயிலில் கிடக்கும். உங்களுக்கும் அதேதான். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். ஒருநாள் முடியவே இல்லையென்றால், டப்பாவை உறைந்த தண்ணீர் பாட்டிலோடு ஒட்டினாற்போல் ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய், பள்ளிக்குப் போனதும் முதல் மணி அடிக்கும் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.